காது மெஷினில் சத்தம் மாறினால் எந்தப் பாகத்தைப் பார்ப்பது?

ஹியரிங் எய்டில் சத்தம் குறைந்தது போலத் தோன்றினால் பலரும் முதலில் வால்யூமைக் கூட்டுகிறார்கள். அதற்கும் கேட்காவிட்டால் "மெஷின் போச்சு" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவி, ஒரு சின்ன வடிகட்டி அடைத்ததால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. அதைப் போட்டிருந்தவர் அதுவரை வீட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்கியே இருக்கிறார். இது நடக்கவே கூடாத விஷயம். ஒவ்வொரு சின்னப் பாகமும் கெடும்போது சத்தத்தைத் தனக்கே உரிய விதத்தில் மாற்றும். அந்த மாற்றத்தைக் கவனித்தால் எந்தப் பாகம் என்பதைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சத்தம் போகும் வழி இதுதான்: மைக் துளை, உள்ளே இருக்கும் சிப், ரிசீவர் எனப்படும் குட்டி ஸ்பீக்கர், அதன் பிறகு காது வரை உள்ள பாதை. ஆர்.ஐ.சி. வகையில் ரிசீவரே மெல்லிய ஒயரின் முனையில் காதுக்குள் உட்கார்ந்திருக்கும்; அதன் வாயில் வேக்ஸ் கார்டு என்னும் வடிகட்டி, அதற்கு மேல் சின்னக் குடை போன்ற சிலிக்கான் டோம். பி.டி.இ. வகையில் ரிசீவர் காதுக்குப் பின்னால் உள்ள உடலுக்குள் இருக்கும். ஹூக் (காதின் மேல் வளைந்து உட்காரும் கொக்கி), டியூப், இயர்மோல்டு (காதின் அச்சில் வார்த்த பாகம், சுருக்கமாக மோல்டு) வழியாகச் சத்தம் காதுக்குள் போகும். உங்களுடையது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்பவற்றில் பாதி ஒரு வகைக்கு மட்டுமே பொருந்தும்.

தொடங்கும் முன் ஆறு ஒலிகள்

டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனையை ஆடியாலஜிஸ்டுகள் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணர்கள்) உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கருவி போட்டவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் தூரத்தில், வாய் தெரியாதபடி நின்று, சாதாரணக் குரலில் இந்த ஆறையும் வரிசை மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ம்' அடித்தொனி; 'ஸ்' மிக உச்சத்தில், 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் ஒலி. மற்றவை இடையில் வரும். ஒரு காதில் மட்டும் மெஷினைப் போட்டுச் சோதித்துவிட்டு, பிறகு மற்றக் காதுக்குப் போங்கள்.

கருவி நன்றாக இருக்கும் நாளிலேயே இதைச் செய்து எழுதி வைப்பது முக்கியம். சிலருக்கு 'ஸ்' எப்போதுமே கேட்காது. அது கேட்கும் திறனின் எல்லை, பாகத்தின் கோளாறு அல்ல. நேற்று வரை கேட்ட 'ஷ்', 'ஸ்' இன்று காணவில்லை என்றால் வேக்ஸ் கார்டு, டியூப், டேம்பர் (சில ஹூக்குகளுக்குள் இருக்கும் சின்ன வலை) பக்கம் தேடுங்கள். 'ம்', 'ஊ' மட்டும் மெலிந்துவிட்டால் டோம் அல்லது மோல்டில் கசிவு இருக்கலாம். ஆறுமே குறைந்திருந்தால் மைக் துளையையும் வேக்ஸ் கார்டையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு இதைத் தினமும் காலையில் செய்யுங்கள். கேட்கவில்லை என்று அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

காது நன்றாகக் கேட்பவர் வீட்டில் இருந்தால் ஸ்டெட்டோகிளிப் ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்டெதஸ்கோப் போன்ற குழாய்தான். மெஷின் முனையில் மாட்டி நேரடியாகக் கேட்கலாம். அதிக சக்தியுள்ள கருவி என்றால் வால்யூமைக் குறைத்த பிறகே காதில் வையுங்கள்.

அறிகுறி: சத்தமே வரவில்லை

பேட்டரி போடும் கருவி என்றால் முதலில் பேட்டரி. இவை ஜிங்க்-ஏர் வகை. ஸ்டிக்கரை உரித்ததும் தட்டையான '+' பக்கத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மின்சாரம் வரும். உரித்த உடனே மூடிவிட்டால் போதிய காற்று கிடைக்காது. குறைந்தது ஒரு நிமிடம் வெளியே வைத்திருங்கள். 5 நிமிடம் வரை வைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஸ்டிக்கரின் பசை துளைமேல் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். ஸ்டிக்கர் நிறம்தான் அளவின் அடையாளம்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. 312 பொதுவாக 3 முதல் 10 நாள் ஓடும், 675 இரண்டு வாரம் வரைகூட வரும். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டும் அழைப்பும் கேட்டால் சீக்கிரம் தீரும்.

ஜிங்க்-ஏர் பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்துவிட்டு, முடியும்போது சட்டென்று விழும். அதனால் 'இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைகிறது' என்பது பேட்டரியின் வேலை அல்ல. புதுப் பேட்டரியாக மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற வேண்டாம். அடுத்த பகுதிக்குப் போங்கள். வாங்கிய பேட்டரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், எடுக்கும்போது அதில் ஈரம் கட்டும். பழையதையும் புதியதையும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டாலோ, குழந்தை மூக்கிலோ காதிலோ நுழைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே இருந்தால் திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

சார்ஜ் ஏற்றும் கருவி என்றால் அடியில் உள்ள உலோகப் புள்ளிகளையும் சார்ஜர் குழியில் உள்ளவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள். வியர்வை காய்ந்த படலம் இருந்தால் இரவு முழுக்க வைத்தாலும் ஏறாது. விளக்கு எரிகிறதா என்று நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

பேட்டரி சரி, கருவியும் ஆன் ஆகிறது, ஆனாலும் சத்தம் இல்லை என்றால் வேக்ஸ் கார்டு முழுதாக அடைத்திருக்கும், அல்லது டியூப் மடிந்திருக்கும். இரண்டு காதுக்கும் கருவி உள்ளவர்களுக்கு ஒரு வசதி: பேட்டரியை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் பேட்டரி. போகாவிட்டால் வேறு ஏதோ.

அறிகுறி: வாரக்கணக்கில் மெல்லக் குறைந்தது, பஞ்சு வைத்தது போல அமுங்கிக் கேட்கிறது

ஆர்.ஐ.சி. கருவிகளிலும் காதுக்குள் உட்காரும் சின்ன வகைகளிலும் இந்தப் புகாருக்கு முதல் காரணம் வேக்ஸ் கார்டு. காதுக் குறும்பி இளகிய நிலையில் அந்தச் சல்லடையில் படிந்து, மேலே மேலே சேரும். முழுதாக அடைவதற்கு முன்பே உச்ச ஒலிகள் முதலில் போகும். அதனால் 'சத்தம் இருக்கிறது, தெளிவு இல்லை' என்று தோன்றும். வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

டோமைக் கழற்றி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கேமராவைப் பெரிதாக்கி ரிசீவர் வாயைப் பாருங்கள். வடிகட்டி பழுப்பாகவோ பளபளப்பாகவோ இருந்தால் மாற்றுங்கள். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் ஒருமுறை மாற்றிப் பார்ப்பதே நல்லது. மெல்லிய எண்ணெய்ப் படலமோ ஈரமோ கண்ணுக்குத் தெரியாமலேயே சல்லடைக் கண்களை மூடிவிடும்.

குச்சி வகையில் ஒரு முனை வெறும் ஊசி போல இருக்கும், மறுமுனையில் புது வடிகட்டி இருக்கும். வெறும் முனையைப் பழைய வடிகட்டிக்குள் நேராக அழுத்தி, நேராக இழுங்கள். சாய்த்தால் விளிம்பு உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். குச்சியைத் திருப்பி, புதியதை விளிம்போடு சமமாக உட்காரும்வரை அழுத்திவிட்டு, குச்சியை மட்டும் உருவுங்கள். விரல் நகத்தால் அமுக்க வேண்டாம். போனாக்கின் செருஷீல்டு போன்ற வட்டத் தட்டு வகையில் தட்டை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்ப வேண்டும். குப்பைத் தொட்டிப் படம் உள்ள இடத்தில் பழையது கழலும், அடுத்த துளையில் புதியது ஏறும். ஓட்டிகானின் புரோவேக்ஸ், வைடெக்ஸின் நானோகேர் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அளவு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைத் திணித்தால் ஒன்று உள்ளே விழும், அல்லது காதுக்குள் கழன்று நிற்கும்.

மாதம் ஒருமுறை மாற்றுவது பொதுக் கணக்கு. காது ஈரக் குறும்பி வகை என்றால் வாரம் ஒன்றுகூடத் தேவைப்படும். கழுவித் திரும்பப் போடக் கூடாது. ஊசியால் குத்தித் துளைக்கவும் கூடாது. வடிகட்டி தீர்ந்துவிட்டது, நாளை வாங்கலாம் என்று ஒரு நாள்கூட இல்லாமல் போடாதீர்கள். குறும்பி நேராக ரிசீவருக்குள் போய்விட்டால் ரிசீவரையே மாற்ற வேண்டி வரும், அதன் விலை வடிகட்டியைப் போலப் பல மடங்கு.

வடிகட்டி மாற்றியும் மாறவில்லை என்றால் மைக் துளை. உடலின் மேல்பக்கம் இரண்டு நுண்ணிய துளைகள் தெரியும். நம் ஊரில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: எண்ணெய் அந்த வலையில் ஊறி, பவுடரும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கருவியைத் தலைகீழாக, துளை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டித் தட்டித் துடையுங்கள். மேலே பார்த்தபடி துடைத்தால் அழுக்கு உள்ளேதான் போகும். ஊசி, சேஃப்டி பின் எதுவும் அருகில் வரக் கூடாது. இன்னும் அடைப்பு இருந்தால் கிளினிக்கில் உறிஞ்சும் குழாய் வைத்து எடுப்பார்கள். எண்ணெய், பவுடர், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடித்துக் கையைத் துடைத்த பிறகே மெஷினை எடுங்கள்.

எல்லாம் சுத்தம், ஸ்டெட்டோகிளிப்பில் கேட்டால் கணீரென்று இருக்கிறது, போட்டவருக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் காதுக்குள் குறும்பி அடைத்திருக்கலாம், அல்லது கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். இ.என்.டி. மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென, ஓரிரு நாளுக்குள் மந்தமானால் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். அதற்கு உடனடிச் சிகிச்சை தேவை, தாமதித்தால் பலன் குறையும்.

அறிகுறி: விசில், கீச் சத்தம்

காதுக்குள் போன சத்தம் கசிந்து வெளியே வந்து, மைக்கில் திரும்ப நுழைகிறது. மெஷினை உள்ளங்கையில் பொத்தினால் வரும் விசில் இயல்பானது. காதில் சரியாக மாட்டிய பிறகும் வந்தால்தான் தேட வேண்டும்.

பி.டி.இ. என்றால் கசிவை இடம் பிடிக்க ஒரு வரிசை உண்டு. கழற்றி, ஆன் செய்து, விசில் வரும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். மோல்டின் ஒலித் துளையையும், காற்றுத் துளை இருந்தால் அதையும் விரலால் இறுக்க மூடுங்கள். விசில் நின்றால் டியூபும் ஹூக்கும் சரி. மோல்டு காதில் தளர்வாக இருக்கிறது. நிற்கவில்லை என்றால் மோல்டைக் கழற்றி டியூப் முனையை மூடுங்கள். இப்போது நின்றால், மோல்டும் டியூபும் சேரும் இடத்தில் கசிவு. அப்போதும் வந்தால் டியூபை உருவி ஹூக்கின் முனையை மூடுங்கள். நின்றால் டியூபில் விரிசல். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஹூக் கழண்டோ விரிந்தோ இருக்கும். ஹூக்கை எடுத்துவிட்டு உடலின் வாயை மூடியும் விசில் வந்தால் கோளாறு உள்ளே. அது சர்வீஸ் வேலை.

டியூப் 3 முதல் 6 மாதத்தில் மஞ்சளாகி, விறைத்து, சுருங்கும். சுருங்கிய டியூப் மோல்டைக் காதிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். வாயை அசைத்துச் சாப்பிடும்போது மட்டும் விசில் வருவது பெரும்பாலும் இதனால்தான். வளைத்துப் பாருங்கள், மறுபடி நேராகாமல் விறைத்தபடி நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. குழந்தைகளுக்குக் காது வளரும், அதனால் டியூப் புதிதாக இருந்தாலும் மோல்டு சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும்.

ஆர்.ஐ.சி.யில் டோம் அளவு சிறிதாகிவிட்டதா, ஓரம் கிழிந்ததா, எண்ணெயில் வழுக்கி வெளியே வருகிறதா என்று பாருங்கள். சிலிக்கான் இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் விசில் வந்தால் மறுபடி காதுக் குறும்பிதான். சத்தம் அதில் மோதித் திரும்புகிறது.

அறிகுறி: என் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கிறது

மெஷினை ஆஃப் செய்து, காதிலேயே வைத்துக்கொண்டு "ஈ... ஊ..." என்று நீட்டிச் சொல்லுங்கள். இந்த இரண்டு உயிரொலிகளிலும் அடித்தொனி ஆற்றல் அதிகம், அடைப்பு இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பவை இவை. ஆஃப் செய்தும் குரல் முழங்கினால் காற்றுப் போக வழியில்லை என்று பொருள்: மோல்டின் வென்ட் எனப்படும் காற்றுத் துளையில் குறும்பி இருக்கலாம், அல்லது துளையுள்ள டோமுக்குப் பதில் மூடிய டோம் மாட்டியிருக்கலாம். வென்ட்டில் நைலான் இழையை ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஒலித் துளையில் அதை விட்டுவிடாதீர்கள். ஆஃப் செய்ததும் முழக்கம் போய்விட்டால் அது புரோகிராமிங் விஷயம், ஆடியாலஜிஸ்ட் கணினியில் சரிசெய்வார்.

இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு: பாட்டு தகரம் போல, அடித்தொனியே இல்லாமல் கேட்கிறது. மூடிய டோம் இருந்த இடத்தில் திறந்த டோம் வந்தால், 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகள் துளை வழியாக ஓடிவிடும். டோம் வகை என்ன என்பது கருவியின் மென்பொருளில் பதிவாகி, அதற்கேற்பத்தான் சத்தம் அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே கடையில் 'இதுவும் சேரும்' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். வகை, அளவு இரண்டும் பழையதே வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மறுபடி புரோகிராம் செய்ய வேண்டும்.

அறிகுறி: டியூப் மாற்றிய பிறகு பேச்சுத் தெளிவு போய்விட்டது

இதைப் பலரும் தங்கள் காது மோசமாகிவிட்டதாக நினைத்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சாதாரண 13-ஆம் எண் டியூபின் உள்விட்டம் 1.93 மில்லிமீட்டர். லிபி ஹார்ன் என்னும் வகை, மோல்டு முனையில் 3 அல்லது 4 மில்லிமீட்டராக விரியும். அந்த விரிவு உச்ச ஒலிகளைச் சில டெசிபல் தூக்கிக் கொடுக்கும். ஹார்ன் இருந்த இடத்தில் சாதாரண டியூபை ஒட்டிவிட்டால் 'ஸ்', 'ஷ்' மங்கும். 'பஸ்' என்பது 'பஃ' போல நிற்கும். பழைய டியூபைத் தூக்கிப் போடாமல் கூடவே எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஹூக்கையும் பாருங்கள். சிலவற்றின் உள்ளே டேம்பர் என்னும் சின்ன வலை இருக்கும்; ஹூக்கும் டியூபும் சேர்ந்து 1000 ஹெர்ட்ஸ் அருகே எழுப்பும் கூர்மையான முகட்டை அது மட்டுப்படுத்தும். வெள்ளை 680 ஓம், பச்சை 1500 ஓம் என்று நிறத்தால் அறியலாம். டேம்பர் இல்லாத ஹூக்கை மாட்டினால் பாத்திரச் சத்தம் காதில் குத்தும், விசிலும் எளிதில் வரும். டேம்பர் ஈரமானால் எல்லாமே அமுங்கும், காய்ந்ததும் திரும்ப வரும். ஏசி பஸ்ஸில் மங்கி வீட்டுக்கு வந்ததும் தெளிந்தால் சந்தேகம் இங்கேதான். உடல் சூட்டில் எழும் ஆவி, குளிர்ந்த டியூபில் நீர்த்துளியாகப் படிகிறது. டியூபை உடலிலிருந்து பிரித்து, ரப்பர் காற்றுப் பம்பால் ஊதி வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும்.

மோல்டையும் தடித்த டியூபையும் உடலிலிருந்து பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம். ஊதி, இரவு முழுக்க உலர விடுங்கள். மெல்லிய ஸ்லிம் டியூபைக் கழுவக் கூடாது, துளி உள்ளேயே நின்றுவிடும். அதற்கென்று வரும் நைலான் இழையை மெஷின் பக்க முனையில் விட்டு, டோம் பக்கம் வரும்வரை தள்ளுங்கள்.

அறிகுறி: வீட்டில் சரி, கல்யாண மண்டபத்தில் எதுவும் புரியவில்லை

கூட்டத்தில் சிரமம் எல்லோருக்கும் உண்டு. முன்பு சமாளித்தவருக்கு இப்போது முடியவில்லை என்றால், இரண்டு மைக்குகளில் ஒன்று அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். முன், பின் மைக்குகளில் வரும் ஒலியை ஒப்பிட்டுத்தான் கருவி பின்பக்க இரைச்சலைக் குறைக்கிறது. ஒன்று மங்கினால் ஒப்பீடு தப்பிவிடும், அமைதியான அறையில் அது தெரியவே தெரியாது. இரண்டு துளைகளும் சுத்தமா என்று பாருங்கள். பிறகும் அப்படியே என்றால் கிளினிக்கில் மைக் சோதனை கேளுங்கள்.

அறிகுறி: விட்டு விட்டு வருகிறது, கொரகொரக்கிறது, டுப் டுப் என்கிறது

அதிக சக்திக் கருவியில் சீரான 'டுப் டுப்' வந்தால் பேட்டரி முடியப்போகிறது; புதியது போட்டால் நின்றுவிடும். ஆர்.ஐ.சி. ஒயரை மெதுவாக அசைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஹெல்மெட்டும் முகக்கவசக் கயிறும் இழுப்பதால் இது நடக்கும். ரிசீவரோடு சேர்த்து மாற்ற வேண்டும். வாங்கும்போது பக்கம் (வலது சிவப்பு, இடது நீலம்), நீளம், சக்தி மூன்றும் அதேதானா என்று பாருங்கள். கீழே விழுந்த பிறகு உரத்த ஒலிகள் மட்டும் பிசிறடித்தால் ரிசீவர் அடிபட்டிருக்கிறது.

மதியம் வியர்த்த பிறகு கொரகொரத்து, காலையில் சரியாகிவிட்டால் ஈரம். பேட்டரியை எடுத்துவிட்டு, கருவியின் பேட்டரிக் கதவைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் இரவு வையுங்கள். பேட்டரியும் கூடவே இருந்தால் அது காய்ந்து ஆயுள் குறையும். மணிகள் நிறம் மாறிவிட்டால் அவை ஈரத்தை இழுக்காது, மாற்றுங்கள் அல்லது உறையில் சொன்னபடி சூடாக்கிக் காயவையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் மைக்கில் போகும். ஹேர் டிரையர், வெயில், மைக்ரோவேவ் எதுவும் கூடாது.

டோம் காதுக்குள்ளேயே நின்றுவிட்டால்

மெஷினைக் கழற்றும்போது முனையில் டோம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இல்லை என்றால் இடுக்கியோ பட்ஸோ விடாதீர்கள், இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும், இ.என்.டி. மருத்துவர் சில நொடிகளில் எடுத்துவிடுவார். புது டோம் மாட்டும்போது ரிசீவரின் விளிம்பைத் தாண்டி உட்காரும்வரை தள்ளி, லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுக் காதில் வையுங்கள்.